குரல் பங்கு

சங்குமணிக் குப்பத்து மணலில் விளையாட்டரங்கத்துக்கென்று நான்கு மூலைகளிலும் இரும்பு முளை அடித்துவிட்டு அளவுக்காரர்கள் வண்டியேறிப் போன மறுநாள் காலையில், இன்னும் கட்டப்படாத அந்த அரங்கத்திலிருந்து கைதட்டல் வந்தது.

அப்போது கரைவலை பாதி ஏறியிருந்தது. கடலுக்குள் அரைவட்டமாக விட்ட வலையின் இரண்டு கயிறுகளையும் ஆண்களும் பெண்களும் இரண்டு வரிசையாக நின்று இழுத்துக்கொண்டிருந்தார்கள், நடுவில் கவிழ்த்துப்போட்ட மீன்பெட்டியின் மேல் உட்கார்ந்து தணிகாசலம் அம்பா என்னும் இழுவைப் பாட்டைப் பாடிக்கொண்டிருந்தான், அவன் ஓர் அடியை எடுத்துக் கொடுக்க, கயிற்றில் இருந்தவர்கள் மறு அடியைப் பிடித்துக்கொண்டு பின்னால் சாய, கயிறு ஒரு முழம் ஏறும், மறுபடி அவன், மறுபடி அவர்கள், மறுபடி ஒரு முழம், அந்தக் கரையில் காலங்காலமாக மீன் அப்படித்தான் வந்துகொண்டிருந்தது. முதலில் தேன்கூட்டைத் தட்டிவிட்டதுபோல ஓர் இரைச்சல் முளைகளுக்கு நடுவிலிருந்து எழுந்தது, பிறகு வலையின் மடி நுரைக்குள் தெரியத் தெரிய அந்த இரைச்சலும் ஏறிக்கொண்டே வந்தது, மடி கரையில் புரண்டு வெள்ளி கொட்டியபோது பல்லாயிரம் பேர் ஒரே மூச்சில் எழுந்து ஆர்ப்பரித்தார்கள். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். முளைகளுக்கு நடுவில் வெறும் மணலும் காய்ந்த பாசியும் ஒரு நாயும் இருந்தன.

"ஜனம் ஜாஸ்தியா கீதே," என்றாள் தணிகாசலத்தின் மனைவி தேசம்மா.

"சரி சரி, மீனப் பிரிங்க, வெயில் ஏறுது," என்றார் குப்பத்துத் தலைவரான நாட்டார் எத்திராஜ்.

மீனைப் பிரித்தார்கள். அதற்கும் கைதட்டல் வந்தது.

கொஞ்ச நாளிலேயே அந்தக் கூட்டத்தின் குணம் குப்பத்துக்குப் பழகிவிட்டது. வெயில் ஏறும்போது வரும், விளக்கு வைக்கும்போது கலைந்து போகும். கயிறு அறுந்தால் பல்லாயிரம் நாக்குகள் ஒன்றாக 'ச்சே' என்று கொட்டும். படகு அலையைத் தாண்டும்போது மூச்சைப் பிடித்துக்கொள்ளும், தாண்டியதும் விடும், அந்த மூச்சில் உலர்த்தின நெத்திலி பறந்துபோகிறதென்று பெண்கள் பாயின்மேல் கல் வைத்தார்கள். மீன் கூடையைத் தூக்கிவிட ஆளில்லாமல் ஒருத்தி தானே தலைக்கு ஏற்றிக்கொண்டால் அவளுக்கும் ஆரவாரம் கிடைத்தது. குடித்துவிட்டு வந்த புருஷனைக் கோவிந்தம்மா துடைப்பத்தால் அடித்தபோது கூட்டம் அவளுக்காகக் குதித்தது, அவன் தடுமாறி எழுந்து துடைப்பத்தைப் பிடுங்கியபோது அவனுக்காகவும் அதே அளவு குதித்தது.

"ரெண்டு பக்கமும் சேருதே இது," என்றான் அவன், போதை இறங்கி.

"எலக்சன்ல நிக்கிற ஜாதி போல," என்றாள் கோவிந்தம்மா. அதற்கும் ஒரு சிரிப்பலை வந்தது.

கிழவி எல்லம்மாளின் பாடை மணலைத் தாண்டியபோது கூட்டம் எழுந்து நின்று மௌனமாக இருந்தது, அது எழுந்து நின்றதை எல்லோராலும் உணர முடிந்தது, ஆனால் பாடை தூக்கியவர்கள் பள்ளத்தில் கால் இடறாமல் தப்பித்தபோது அதனால் அடக்கிக்கொள்ள முடியாமல் விசிலடித்துவிட்டது. எல்லம்மாளின் மகனுக்கு முகம் சுருங்கியது. "வுடுடா, வெளியூர்க் கூட்டம், அதுக்கு இன்னா தெரியும்," என்று மற்றவர்கள் தேற்றினார்கள். குப்பத்துக்காரர்கள் அப்படித்தான் அதை மன்னித்தார்கள், விருந்துக்கு வந்த ஊமைப் பிள்ளை பாத்திரத்தை உடைத்துவிட்டதுபோல.

பட்டணத்திலிருந்து ஆட்கள் வந்து கேட்டுவிட்டுப் போனார்கள். காற்று என்று சிலர் எழுதிக்கொண்டார்கள். அரங்கம் கட்டப்போகிற கம்பெனி மட்டும் ஒன்றும் எழுதிக்கொள்ளாமல், கட்டும் முன்பே கைதட்டல் வாங்கிய அரங்கம் என்று நெடுஞ்சாலையில் பெரிய தட்டி வைத்தது.

ஆனால் அந்தக் கைதட்டலுக்கு ஒரு கெட்ட குணம் இருந்தது, அது காதுக்குள் போனால் வெளியே வருவதில்லை. தலைமுறை தலைமுறையாக ஒருவரும் பார்க்காமல் கடலுக்குப் போய், ஒருவரும் பார்க்காமல் திரும்பி, சிலபோது திரும்பாமலும் இருந்த அந்த மனிதர்களை இப்போது யாரோ பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடலுக்குப் போகுமுன் தலை சீவிக்கொள்ள ஆரம்பித்தார்கள். புது லுங்கி கட்டிக்கொண்டு வலை இழுத்தார்கள். தோளும் முதுகும் முளைகளின் பக்கம் தெரிகிறமாதிரி வரிசையையே மெல்லத் திருப்பிக்கொண்டார்கள். நாட்டார் எத்திராஜ் வாய் திறந்தால் கூட்டம் தட்டியது, அதனால் அவர் அடிக்கடி வாய் திறந்தார். மருமகளிடம் தண்ணீர் கேட்பதற்குக்கூட வாசலுக்கு வந்து நின்று கேட்டார்.

எல்லாவற்றையும்விடப் பெரிதாக, அம்பா கெட்டுப்போனது. தணிகாசலம் அடி எடுத்துக் கொடுக்கும்போது கயிற்றில் இருந்தவர்களின் காது வேறு பக்கம் இருந்தது, கூட்டம் இரைந்தால் இழுத்தார்கள், இரையாவிட்டால் நின்றார்கள். அவன் குரல் நடுவில் தனியாக ஓடிக்கொண்டிருந்தது, பிடிக்க ஆளில்லாத கயிறுபோல.

அந்தக் குரலைத் தவிர தணிகாசலத்திடம் வேறெதுவும் இல்லை. பல வருஷத்துக்கு முன் அலையில் புரண்ட படகு அவன் இடது காலின்மேல் உட்கார்ந்துவிட்டது. கயிறு பிடிக்க முடியாது, கடலேற முடியாது. ஆனால் அந்தக் கரையில் ஒரு வழக்கம் இருந்தது. படகில் போனவனுக்கு ஒரு பங்கு, கயிறு பிடித்தவருக்கு ஒரு பங்கு, கடலில் புருஷனைக் கொடுத்தவள் கயிறு பிடிக்காவிட்டாலும் அவளுக்கு ஒரு பங்கு, பாட்டெடுக்கிறவனுக்கு, அவன் உட்கார்ந்தபடியே பாடினாலும், ஒரு குரல் பங்கு. பங்கு உள்ளவனுக்குக் கோயில் வாசலில் கூடும் பஞ்சாயத்தில் குரலும் உண்டு. அந்தப் பங்கு மீனைத்தான் தேசம்மா கூடையில் ஏற்றித் தெருத்தெருவாக விற்றாள், அந்தப் பங்கினால்தான் அவனை வீட்டில் கிடக்கும் பண்டமாக யாரும் பார்க்கவில்லை.

ஒரு நாள் மீன் குவிந்தது. கூட்டம் அலறிய அலறலில் இரண்டு வரிசையும் வெறி பிடித்து இழுத்திருந்தன. அன்றைக்குப் பங்கு பிரிக்கும்போது நாட்டார் மணலில் ஒரு குவியலைத் தனியாகத் தள்ளி வைத்தார்.

"இது யாருக்கு?" என்றார்கள்.

"இன்னிக்கு வலைய ஏத்துனது யாரு குரலு? மனசத் தொட்டு சொல்லுங்க," என்றார் நாட்டார். "குரல் குடுத்தவனுக்குப் பங்கு குடுக்காம தின்னா அந்த மீனு செரிக்குமா?"

கூட்டம் தட்டியது. நாட்டார் லேசாகத் தலை குனிந்துகொண்டார்.

தணிகாசலம் பெட்டியில் உட்கார்ந்தபடியே சொன்னான்: "மாமா, நான் பாடுனா அவங்க இழுத்தாங்க. அது கத்துனா அவங்க வேசம் கட்றாங்க. அது பாட்டு இல்ல, வேடிக்க."

"உன் குரல யாரும் கொற சொல்லல தணிகா. குரலுக்கு ஒரு பங்குதான் வழக்கம். ரெண்டு பேரும் பாதிப் பாதி வச்சிக்கோங்க."

"அதுக்குத் தின்ன வாய் எங்க இருக்கு?" என்றாள் தேசம்மா, பெண்கள் நிற்கிற இடத்திலிருந்து.

"வாயில்லாமயா இந்தக் கத்து கத்துது?" என்றார் நாட்டார்.

எல்லோரும் சிரித்தார்கள், கூட்டமும் சிரித்தது, அந்தச் சிரிப்பில் விஷயம் முடிந்துபோனது. அது பேராசையில் செய்த காரியம் அல்ல என்பதையும் சொல்லவேண்டும். கடன்பட்டு நிற்க அவர்களுக்குத் தெரியாது, குரல் வாங்கினோம், மீன் கொடுத்தோம், அவ்வளவுதான் அவர்களுக்குத் தெரிந்த நியாயம். தினமும் ஒரு குவியலை முளைகளுக்கு நடுவில் கொண்டுபோய்க் கொட்டினார்கள். காக்கைகள் தின்றன, நாய்கள் தின்றன, மீதி அழுகி நாறியது, கூட்டம் அந்த நாற்றத்துக்கு நடுவிலிருந்து உற்சாகம் குறையாமல் கத்தியது. கூட்டத்தின் பாதிப் பங்கு ஐப்பசி பிறப்பதற்குள் முழுப் பங்கானது. தணிகாசலத்தின் பெட்டியை யாரோ வலை காயப்போட எடுத்துக்கொண்டார்கள். அவன் குடிசைக்குள் உட்கார்ந்து பழைய வலையின் கண்ணைப் பிரித்துப் பிரித்துக் கட்டிக்கொண்டிருந்தான்.

"போய் ஒரு வார்த்த கேளுய்யா," என்பாள் தேசம்மா.

"இன்னா கேக்கறது? பல்லாயிரம் பேரு கத்துற எடத்துல ஒருத்தன் கேட்டா இருமுனா மாதிரிதான் இருக்கும்."

"இந்தக் கரை இருக்குற வரிக்கும் உன் பாட்டுக்கு வேல இருக்கும். கூட்டம்னா கலையும். பாரு."

அவள் அதை நம்பினாள். குப்பமும் நம்பியது. மணலை விட்டுத் தருவதாகக் குப்பத்துப் பஞ்சாயத்து தன் வாயால் சொன்னால் ஒழிய ஒரு செங்கல்லும் வைக்க முடியாது என்று நீதிமன்றம் சொல்லியிருந்தது, பஞ்சாயத்து அப்படிச் சொல்லப்போவதில்லை என்று குப்பத்தில் தவழும் குழந்தைக்கும் தெரியும். முளை மட்டும் அடித்துவிட்டு இத்தனை மாதம் கம்பெனி காத்திருந்தது அதனால்தான்.

கம்பெனியின் சார்பில் மிருதுளா என்கிற அதிகாரி வந்தாள். மணலில் புதையாத செருப்புப் போட்டிருந்தாள், மரியாதையாகப் பேசினாள். ஊருக்கு உள்ளே தள்ளி அடுக்குமாடி வீடு, ஒரு வீட்டுக்கு ஒரு குழாய், வேலைக்கு முன்னுரிமை. "உங்க முடிவு எதுவா இருந்தாலும் நாங்க ஏத்துக்கறோம்," என்றாள், கோயில் வாசலில் போட்ட நாற்காலியின் நுனியில் உட்கார்ந்துகொண்டு.

அந்தக் கரையில் தலை எண்ணுவதில்லை. கரையில் நிற்கிறவர்களை எண்ணினால் கணக்கில் ஒன்று கூடுதல் என்று கடல் ஒருவரை எடுத்துக்கொள்ளும் என்பது அவர்கள் பயம். அதனால் பஞ்சாயத்தில் கை தூக்குவதும் இல்லை, நாட்டார் மூன்று தரம் கேட்பார், வேண்டும் என்கிறவர்கள் ஒரு குரலாகச் சொல்வார்கள், வேண்டாம் என்கிறவர்கள் ஒரு குரலாகச் சொல்வார்கள், எந்தக் குரல் பெரிதோ அதுதான் குப்பத்தின் குரல்.

நாட்டார் எழுந்தார். கைதட்டல் எழுந்தது. அது அடங்கக் காத்திருந்து கேட்டார்: "நம்ம கரைய ஸ்டேடியத்துக்கு வுட்டுக் குடுக்கலாமா?"

"வேணாம்," என்றது குப்பம். ஒரு வீடு விடாமல், ஒரு வயசு விடாமல், பெண்கள் நிற்கிற இடத்திலிருந்தும், பகையாளிகள் பக்கத்தில் பக்கத்தில் நின்றும், குடிகாரர்கள் தெளிந்து நின்றும் சொன்னார்கள். தணிகாசலத்தை இரண்டு பேர் தூக்கி வந்திருந்தார்கள், அவன் அடி எடுத்துக் கொடுப்பதுபோல எல்லோருக்கும் முன்னால் சொன்னான், மற்றவர்கள் அவனைப் பிடித்துக்கொண்டு சொன்னார்கள். வேண்டும் என்று சொல்ல அங்கே ஒரு மனித வாய்கூட இல்லை. கோயில் மணி அதிர்ந்து ஓய்ந்தது. தேசம்மா பக்கத்தில் நின்றவளின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அப்போது முளைகளுக்கு நடுவிலிருந்து கூட்டம் எழுந்தது.

அது வேண்டும் என்று சொல்லவில்லை, அதற்குச் சொல் கிடையாது. தன் வீட்டைக் கட்டித் தரக் கேட்கிறார்கள் என்று தெரிந்துகொண்டு, அதுவரை கேட்டிராத குதூகலத்தோடு, காலை உதைத்து, தாளம் போட்டு, அலை அலையாக எழுந்து உட்கார்ந்து கத்தியது. நாட்டார் இரண்டாம் தரம் கேட்டார். குப்பம் தொண்டை கிழியச் சொன்னது, ஒருவர் சொன்னது ஒருவருக்குக் கேட்கவில்லை. மூன்றாம் தரம் அவர் கேட்டதே யாருக்கும் கேட்கவில்லை.

இரைச்சல் வடிந்தபோது மிருதுளா காதிலிருந்து கையை எடுத்தாள்.

"அது வெளியாளு மாமா," என்றாள் தேசம்மா. கோயில் வாசலின் நடுவுக்கு வந்துவிட்டிருந்தாள். "அது கத்துனத எப்டி கணக்குல வெக்கிறது?"

"வெளியாளுக்கா நாம தெனம் பங்கு வெச்சோம்?" என்றார் நாட்டார்.

"தப்பா வெச்சோம். எடுத்துக்கோ."

"எடுத்துக்கலாம். வெச்ச பங்க இல்லன்னு சொல்லலாம். அப்பறம் கோவிந்தம்மாவப் பெத்தவளுக்குக் கயிறு புடிக்காம எதுக்குப் பங்குன்னு எவனாச்சும் கேப்பான். கடல்ல புருசனக் குடுத்தவளுக்கு எதுக்குன்னு கேப்பான். இன்னா சொல்லுவ?"

விதவைகள் தலை குனிந்து நின்றார்கள். தங்களைத் தாங்கி நிறுத்தின ஒரே சுவரை இடித்தால்தான் வெளியே போகமுடியும் என்ற நிலையில் அந்த மனிதர்கள் சுவரை இடிக்காமல் உள்ளேயே நின்றார்கள். பங்கு வாங்கியவன் குரல் குரல்தான் என்று நாட்டார் தீர்ப்புச் சொன்னார். அவர் உட்காரும்போது கூட்டம் எழுந்து நின்று தட்டியது. அப்போதும் அவர் தலை தன்னால் கொஞ்சம் குனிந்தது, அதை தேசம்மா பார்த்தாள், கடைசிவரை மறக்கவில்லை.

இயந்திரங்கள் வந்தன. குடிசைகள் சரியும்போதெல்லாம் ஆரவாரம் வந்தது, எவ்வளவு சுத்தமாகச் சரிந்ததோ அவ்வளவு ஆரவாரம். கடைசிக் குடிசை போய், கடைசி வண்டி சாமான்களோடு திரும்பியபோது கூட்டம் ஓய்ந்தது. அப்புறம் அந்த மணலில் பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை.

அடுக்குமாடியில் தேசம்மாவுக்கும் தணிகாசலத்துக்கும் ஏழாவது மாடி கிடைத்தது. லிப்ட் ஓடினால் அவன் கீழே வருவான், பெரும்பாலும் ஓடாது. அவள் விடிவதற்கு முன் பஸ் பிடித்துத் துறைமுகம் போய், ஐஸில் கிடந்த மீனை வாங்கி விற்றாள், யார் பிடித்ததென்று தெரியாத மீன். அவன் பாடவில்லை. பேச்சும் குறைந்து, உப்பு வேண்டும் என்றால் உப்பு டப்பாவைக் காட்டுகிறவனாக ஆனான். நாட்டார் எத்திராஜ் முதல் மழைக்காலத்தில் இறந்துபோனார். பாடையை மாடிப்படியில் செங்குத்தாக நிறுத்தி இறக்கினார்கள், சிமெண்டுச் சுவர்களில் அழுகைச் சத்தம் மட்டும் கேட்டது.

அரங்கம் எழுந்தது. கடலைப் பார்த்த பக்கம் சுவரில்லாமல், நீலம் முழுக்கத் தெரிகிறமாதிரி, சிப்பி திறந்ததுபோல அழகாகக் கட்டியிருந்தார்கள். திறப்பு நாளில் எல்லா இருக்கைகளும் நிறைந்தன. முதல் பந்து வலைக்குள் போனது, நாற்பதாயிரம் பேர் துள்ளி எழுந்து வாயைத் திறந்தார்கள், கைகளை அடித்துக்கொண்டார்கள். ஒரு சத்தமும் வரவில்லை. கை கையில் பட்டது, பஞ்சில் பஞ்சு பட்டதுபோல. வெளியே வந்து பேசினால் குரல் இருந்தது, உள்ளே போனால் இல்லை. அந்த அரங்கத்துக்கென்று இருந்த ஆரவாரம் முழுவதும், கட்டுவதற்கு முன்னாலேயே, வலைக்கும் படகுக்கும் துடைப்பத்துக்கும் பாடைக்கும் செலவாகிப்போயிருந்தது.

நகரமும் இதில் அதிகம் ஆச்சரியப்படவில்லை. காது மருத்துவர்கள் வந்தார்கள், ஒரு கமிட்டி போட்டார்கள், ஒலிபெருக்கியில் வேறு ஊர்க் கைதட்டலைப் போட்டுப் பார்த்தார்கள், அது எப்போதும் பந்துக்குப் பின்னால் வந்தது, ஆட்டக்காரர்கள் முகம் சுளித்தார்கள். அப்புறம் ஒருநாள், அங்கே பெருக்குகிற வேலையில் இருந்த கோவிந்தம்மா, வாளியைத் தட்டிவிட்ட ஒருவனைப் பார்த்து "கண்ணு எங்க வச்சினு வர்ற?" என்று கேட்டது மைதானத்தின் மறுமுனை வரைக்கும் கணீரென்று கேட்டது. குப்பத்துக்காரர்களின் குரல் செலவாகவில்லை. பஞ்சாயத்தில் கடைசி இரண்டு தரமும் அது யார் காதிலும் விழவே இல்லை அல்லவா.

மிருதுளா ஏழு மாடியும் ஏறி மூச்சு வாங்க வந்தாள். மேட்ச் நாளில் பஸ் வரும், சம்பளம் உண்டு, பிரியாணிப் பொட்டலம் உண்டு. சும்மா கத்தினால் போதும். "உங்க வீட்டுக்காரர் நல்லா பாடுவாராமே. அவர் ஆரம்பிச்சுக் குடுத்தா எல்லாரும் ஒண்ணா வருவாங்கன்னு சொன்னாங்க. அவருக்குத் தனியா தர்றோம்."

அவள் போனபிறகு தேசம்மா கதவைச் சாத்திவிட்டுக் கதவிலேயே சாய்ந்து நின்றாள்.

"அவங்களுக்குப் போயி உன் தொண்டையக் குடுக்கப் போறியா?"

தணிகாசலம் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான். எதிரில் இன்னொரு கட்டடத்தின் ஜன்னல்கள் தெரிந்தன. பல மாதத்துக்குப் பின் பேசுகிறவன்போல முதல் சொல் வெறும் காற்றாக வந்தது.

"எனக்குத் தொண்ட இருந்ததே மறந்துபோச்சு தேசம்மா," என்றான். "ஒருதரம் கத்திட்டு வந்துர்றேனே."

மேட்ச் நாளில், துணையாக, அவளும் போனாள்.

அவர்களை மேல் அடுக்கின் கடைசி வரிசையில் உட்கார வைத்தார்கள், சத்தம் கீழே இறங்கும் என்று. எல்லோருக்கும் ஒரே நிறச் சட்டை. கீழே யார் யாரோ பந்தின் பின்னால் ஓடினார்கள். சீருடைக்காரன் ஒருவன் கையை உயர்த்தினால் தணிகாசலம் அடியெடுத்துக் கொடுப்பான், குப்பம் பிடித்துக்கொள்ளும், அவன் கையை இறக்கினால் நிறுத்துவார்கள். நன்றாகத்தான் இருந்தது. அவன் குரலில் கொஞ்சம் துரு இருந்தது, அது பாடப் பாட உதிர்ந்தது. தேசம்மா மட்டும் உதட்டைத் திறக்கவில்லை. கத்தாதவங்களுக்குப் பொட்டலம் கிடையாது அக்கா என்று சீருடைக்காரன் இரண்டு தரம் சொல்லிவிட்டுப் போனான்.

அந்த வரிசையில் உட்கார்ந்த யாரும் மைதானத்தைப் பார்க்கவில்லை. அங்கிருந்து, எதிர்ப் பக்கத்துத் திறப்பின் வழியாக, கடல் தெரிந்தது. பொழுது சாயத் தொடங்கியபோது தண்ணீரில் ஓரிடம் கறுத்தது. மேகத்தின் நிழல் என்று முதலில் தோன்றியது, மேகம் இல்லை. ஆலாப் பறவைகள் அதன்மேல் கல் விழுவதுபோல விழுந்தன. கறுப்பு அகன்றது, நீண்டது, கரைக்கு வலை வீசுகிற தூரத்துக்கு வந்து, ஒரு பெரிய மிருகம் புரண்டு படுப்பதுபோல மெல்லப் புரண்டு வெள்ளி காட்டியது. மத்தி மீன், வருஷத்தில் ஒருநாள் வரும் மந்தை, அந்தக் கரை இத்தனை பெரிதாக அதைப் பார்த்ததில்லை.

சீருடைக்காரன் கையை இறக்கியிருந்தான். தணிகாசலம் முன்வரிசை இருக்கையைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் எழுந்து நின்றான்.

"மீனு," என்றான். "தே, மீனு போவுது."

குப்பம் எழுந்தது. கயிறு இல்லாத கைகளை நீட்டிக்கொண்டு, இருக்கைகளின்மேல் ஏறி, வலைய வுடு, வடக்கால வளைச்சு வுடு, படகத் தள்ளுங்கடா என்று கத்தினார்கள், தணிகாசலம் அடியெடுத்துவிட்டான், அவர்கள் அதைப் பிடித்துக்கொண்டு ஒன்றாகப் பின்னால் சாய்ந்தார்கள், மறுபடி அவன், மறுபடி அவர்கள். தேசம்மா தன் வாய் திறந்திருப்பதை அறியவில்லை. அவளிடமிருந்து வந்தது சொல்லாகவே இல்லை.

கீழே அந்த நேரத்தில் யாரோ ஒருவன் பந்தை வலைக்குள் அடித்திருந்தான். அவன் நிமிர்ந்து பார்த்தான், தனக்காகத்தான் என்று நினைத்து இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு அவர்கள் பக்கம் ஓடிவந்து, புல்லில் முழங்காலிட்டு வணங்கினான். பெரிய திரையில் தேசம்மாவின் முகம் வந்தது, வீடு அளவுக்கு, கண்ணீரும் திறந்த வாயுமாக, நாற்பதாயிரம் பேர் திரும்பி அதைப் பார்த்து ஓசையில்லாமல் கைதட்டினார்கள்.

மந்தை, அரங்கத்துக்குக் காப்பாகப் போட்டிருந்த பாறைகள் வரை வந்தது, முகர்ந்து பார்ப்பதுபோல ஒரு கணம் நின்றது, பிறகு அவசரமே இல்லாமல் வடக்கே திரும்பிப் போனது. கடைசிப் பறவையும் கண்ணுக்கு மறைகிறவரை அவர்கள் நிறுத்தவில்லை.

ஆட்டம் முடிந்து படியிறங்கும்போது சீருடைக்காரன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு தேசம்மாவிடம் வந்தான்.

"அக்கா, சூப்பர். டிவியில பூரா நீங்கதான். அடுத்த மேட்ச்சுக்கும் இதே மாதிரி பண்ணிடுங்க," என்று சொல்லி, அவள் கையில் இரண்டு பொட்டலமாக வைத்தான்.

அவள் வாங்கிக்கொண்டாள். அவை இன்னும் சூடாக இருந்தன.